வோல்ட்டு அண்ணனின் குளிர் வண்டி

மைசூரில் இதுவரை பிறந்தவர்கள், இனிமேல் பிறக்கப் போகிறவர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து "வாங்க" என்பதற்கு முன்னால் "நூறு வாட்ஸ்" என்று சொல்லக்கூடியவர் வோல்ட்டு அண்ணன் ஒருவர்தான்.

தேவராஜ மொஹல்லாவில், பூக்கடை வரிசைக்குப் பின்னால், இன்வெர்ட்டரும் பேட்டரியும் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருப்பதாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் இல்லை. அந்தக் கடையின் மாடியில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன். எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் பகலில் எனக்கு வேலை இருக்காது. அதனால் அவர் கடை ஸ்டூலில்தான் என் பகல்கள் கழிந்தன.

"சும்மா உக்காந்திருக்கிற மனுஷன் ஒடம்பு நூறு வாட்ஸ் சூடு விடும், குரு. நீ இப்ப என் கடைல ஒரு குண்டு பல்பு மாதிரி எரிஞ்சுட்டு இருக்க. கொத்தாச்சா?"

கொத்தாச்சா என்றால் புரிந்ததா என்று அர்த்தம். குரு என்பது மைசூரில் எந்தச் சிநேகிதனையும் கூப்பிடும் பெயர். பாதி கன்னடம், பாதி தமிழ், முழுக்க வோல்ட்டு அண்ணன்.

"கொத்தாச்சு அண்ணா" என்பேன். என் வாழ்க்கையில் நான் அதிகமுறை சொன்ன பொய் அதுதான். இயற்பியலும் நானும் பத்தாம் வகுப்பிலேயே பிரிந்துவிட்டோம். இரு தரப்பிலும் வருத்தமில்லை.

கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனால் அவர் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், பெண்ணைப் பார்க்க மாட்டார். கூட்டத்தை எண்ணுவார். "முன்னூறு பேர். முப்பது கிலோவாட்ஸ். ஒரு மாவு மில் ஓட்டலாம். எல்லாம் சும்னே வீணாகுது." பந்தியில் உட்காரும்போது என்னைத் தன் பக்கத்தில் சேர்க்க மாட்டார். சாம்பார் சாதம் சாப்பிட ஆரம்பித்தால் நான் நூற்றைம்பதுக்குப் போய்விடுகிறேனாம்.

இப்படிப்பட்டவருக்கு அமைந்த மனைவி மாதேஸ்வரியக்காவுக்கு வெயில் ஆகாது.

முதலில் ஆகிக்கொண்டுதான் இருந்தது. அக்கா ஹனூருக்கு அப்பால் இருக்கும் கௌதள்ளிக்காரர், வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊர்த் திருவிழாவுக்கு மே மாதத்தில் போனவர், உச்சி வெயிலில் மயங்கி விழுந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு முறை இப்படி ஆகக்கூடாது, உடம்பு சூடேற விடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு கோடையில் அக்கா பிறந்த ஊர்ப் பக்கம் போவதில்லை.

அந்த வருடம் பார்த்து அக்காவின் தம்பி சின்னராசு தன் மகளுக்கு மே மாதத்தில் கல்யாணம் வைத்தார். அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு முதல் நலங்கு அத்தைதான் வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருப்பது ஒரே அத்தை.

"நான் போகலீங்க" என்றார் அக்கா. "அங்க போயி மறுக்கா மயங்கி உளுந்தா, கல்யாணப் பொண்ண உட்டுப்போட்டு எல்லாரும் எனக்கு வெசிறிக்கிட்டு நிப்பாங்க. அந்தப் புள்ளைக்கு அது வேணுமுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள், பெண்ணுக்கு வாங்கி வைத்திருந்த புடவையை ஒரு கவரில் மடித்துப் போட்டு, கூரியர் அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கவரின் வாயை ஒட்டியவர் அதை மூன்று முறை தடவிக் கொடுத்தார். கடை வாசலில் அண்ணன் அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"கூரியர் பேடா, வேண்டாம். அவளே நேர்ல குடுப்பா."

"எப்படி அண்ணா? மத்தியானம் பூரா அங்கே கரண்ட் இருக்காதே. வாடகைக்கு ஒரு ஏசி கார் எடுத்துட்டா?"

"கல்யாணம் முடியற வரைக்கும் இன்ஜினை ஓட விட்டு, பந்தல் பக்கத்துல புகை கக்கிட்டு நிக்கணுமா? சூரியன் சும்னே மேல நிக்கிறான் குரு. அவன்தான் சூடு பண்றான். அவனே குளிர் பண்ணட்டும். கொத்தாச்சா?"

"கொத்தாச்சு அண்ணா."

அடுத்த வாரம் எங்கள் தெருவில் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. சீட்டெல்லாம் பிடுங்கி, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கட்டிலுக்கு அடியில் பேட்டரிகள், சுவரில் ஒரு டன் ஏசி, கூரைமேல் நான்கு சோலார் பேனல். மஞ்சள் பெயிண்டை மட்டும் மாற்றவில்லை. ஒருநாள் காலையில் இரண்டு பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு ஏறி ஏசியில் உட்கார்ந்துவிட்டன.

"இருநூறு வாட்ஸ்" என்றார் அண்ணன்.

"சின்னப் பிள்ளைங்க அண்ணா."

"சரி, நூத்தி இருபது."

வெள்ளோட்டத்துக்குக் குண்டலுபேட்டைப் பக்கம் போனோம். நாலாபுறமும் செண்டுமல்லி வயல். நடுவில் ஒரு பெரிய ஆலமரம். அதன் நிழலில் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது. நிழலில் பேனலுக்கு வெயில் இல்லை, வெயில் இல்லாமல் கரண்ட் இல்லை என்றார். வண்டியை வெயிலுக்கு நகர்த்தினார். ஏசி ஓடியது. ஆனால் வண்டியின் தகரம் தோசைக்கல் ஆகிவிட்டது. ஏசி குளிர்விக்கக் குளிர்விக்கத் தகரம் சுட்டது. எது ஜெயிக்கிறது என்று தெரியாமல் நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் இடது பக்கம் நடுங்கியது, வலது பக்கம் வியர்த்தது.

"அண்ணா, நமக்கு இப்ப நிழல் வேணுமா, வேண்டாமா?"

"நமக்கு வேணும். பேனலுக்கு வேண்டாம்."

"நாம பேனலுக்குக் கீழே இருக்கோமே?"

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் காது குடைந்தார். வயல்காரர் ஒருவர் ஆலமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஸ்வாமி, அவ்வளவு தூரத்துல இருந்து வந்து எதுக்கு வண்டியை முன்னாலயும் பின்னாலயும் ஓட்டறீங்க?"

"குளிருக்கு" என்றார் அண்ணன்.

"இங்கே படுத்தா ஜில்லுன்னு காத்து வருதே?"

"அது டெக்னாலஜி இல்ல ஸ்வாமி."

நான் போய் அந்தக் கட்டிலின் மறுபாதியில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது அண்ணன் பேனல்களை முட்டுக்கொடுத்து, கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார். பேனல் வெயிலில், கூரை பேனலின் நிழலில், நாம் கூரையின் நிழலில். உள்ளே கையை நீட்டிப் பார்த்தேன். ஊட்டி. எப்படி என்று விளக்கினார். கொத்தாச்சு என்றேன்.

நலங்கு ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் வைத்துவிட வேண்டும். விடியற்காலையில் கிளம்ப ஏற்பாடு. அண்ணன் ஏணி போட்டு ஏறி, வலிக்கும் முழங்காலோடு நான்கு பேனலையும் கண்ணாடிபோல் கழுவித் துடைத்துவிட்டு, டயருக்குக் காற்றடிக்க பம்பு வாங்கி வருகிறேன் என்று போனார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அக்கா என்னைக் கூப்பிட்டார். கையில் பூசைத் தட்டு.

புது வண்டி வெளியூர் கிளம்பினால் பூசை போடாமல் நம்மில் யார் கிளம்பியிருக்கிறோம்? டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தாயிற்று.

"தம்பி, மேல இருக்கற அந்த நாலு கண்ணாடிதானுங்களே இன்னைக்கு என்னையக் காப்பாத்தப் போகுது? அதுக்கு ஒண்ணுமே பண்ணாம போனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு இயற்பியல் தெரியாது. பூசை தெரியும். ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு பேனலுக்கும் திருநீற்றைக் குழைத்து மூன்று விரலால் அகலமான பட்டை. நடுவில் உள்ளங்கையளவு சந்தனம். அதன்மேல் குங்குமம். நான்குக்கும் சேர்த்து, பூக்கடை வரிசையில் வாங்கிய, என் தொடை கனமுள்ள ஒரு செண்டுமல்லி மாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போட்டு, காற்றில் பறக்காதபடி பைண்டிங் ஒயரால் கட்டினேன். எந்த வேலையையும் முழுசாகச் செய்யாதவன் என்று பெயரெடுத்த நான், அன்றைக்கு அந்த வேலையை முழுசாகச் செய்தேன். கருகருவென்ற நான்கு நெற்றிகள் பட்டையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. எனக்கே கும்பிடத் தோன்றியது.

அண்ணன் வந்தார். வண்டி உயரம், அவர் குள்ளம். மேலே பார்க்கவில்லை.

கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டி, வழியெல்லாம் ஏசியைப் போட்டுக்கொண்டு ராஜ மரியாதையாகப் போனோம். பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தது, போகப் போக சோலாரும் நிரப்பும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். கௌதள்ளி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. ஊரில் கரண்ட் ஒன்பதுக்கே போய்விட்டது. மூன்று மணிக்குத்தான் வருமாம். மைக் செட்டுக்காரர் ஜெனரேட்டரோடு சாயங்காலம்தான் வருவாராம்.

சின்னராசு ஓடி வந்தார். "வாங்க மாமா! அந்த வேப்ப மரத்துக்கு அடில நிறுத்துங்க. நல்ல நெழலுங்."

"நிழல் பேடா!" என்று கத்திவிட்டு, பந்தலிலிருந்து ஐம்பது அடி தள்ளி, ஒரு புல்பூண்டு இல்லாத மொட்டை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஊரே அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

இருபது நிமிஷம். டொக் என்றது. ஏசி நின்றது.

அண்ணன் ஒரு பட்டனைத் தட்டினார். ஓடவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்தார், ஒயர்களை முகர்ந்தார், இன்வெர்ட்டரில் காது வைத்துக் கேட்டார். கை மீட்டரை எடுத்து எதையோ தொட்டுப் பார்த்தார். பேட்டரி சுத்தமாகக் காலி.

"வெயில் இருக்கு. பேனல் இருக்கு. கரண்ட் எங்க போச்சு?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "குரு, மேல பாய், மூட்டை, துணி ஏதாச்சும் கிடக்கா?"

"ஒண்ணும் இல்ல அண்ணா." சத்தியமாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து நின்றார். "எனக்குப் புரியல குரு" என்றார்.

புரியாமல் இருப்பது என் இலாகா. அவர் அதற்குள் வந்ததே இல்லை.

வண்டிக்குள் அக்காவின் முகம் சிவக்க ஆரம்பித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டார். "ஏனுங்க, நான் பாட்டுக்குப் போயி நலங்க வெச்சுப்போட்டு வந்தறனுங். அஞ்சு நிமிசந்தான்."

"அந்த அஞ்சு நிமிஷத்துலதான் போன தடவை உளுந்த. உள்ள குளிராம நீ எறங்கக் கூடாது."

மணி பதினொன்றே கால். பந்தலில் மணையில் பெண் உட்கார்ந்துவிட்டாள். வேறு யாரையாவது வைக்கச் சொல்லலாமா என்று ஒரு குரல் கேட்டது. பெண் எழுந்து நின்று, "அத்தை வரட்டும்" என்றாள். வண்டிக்குள் பத்திரிகை விசிறுவது ஒரு கணம் நின்றது.

"ஏணி கொண்டா!" என்றார் அண்ணன்.

"உங்க முழங்காலுக்கு வேண்டாம். நான் ஏறறேன்." ஏறினேன். பார்த்தேன்.

"என்னடா இருக்கு மேல?"

"எல்லாம் நல்லா இருக்கு அண்ணா. ஒரு பூகூட உதிரல."

கீழே இரண்டு கைகள் ஏணியைப் பிடித்தன.

"என்ன பூ?" என்றார் அண்ணன்.

அந்த முழங்காலோடு அவர் ஏணியில் ஏறிய வேகத்தை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. மேலே வந்து பார்த்தார். பட்டையைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பேனலுக்குப் பட்டை போட்டது எவன்?"

வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான்தானுங் போடச் சொன்னேன்."

அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். குரலைத் தாழ்த்தி எனக்குப் பாடம் எடுத்தார். "நாலு பேனலும் கை கோர்த்து நிக்குது. ஒருத்தன் மூஞ்சியை மறைச்சாலே நாலு பேரும் படுத்துக்குவான். நீ நாலு பேர் மூஞ்சியையும் மறைச்சு, கழுத்துல மாலையும் போட்டிருக்க. கொத்தாச்சா?"

முதல் முறையாக நிஜமாகவே கொத்தானது. அதனால் பதில் சொல்லவில்லை.

மாலையைக் கழற்றிச் சின்னராசிடம் கொடுத்தார். அதற்கு ஆட்சேபம் எழவில்லை. பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துக் குங்குமத்தின் மேல் வைத்தார்.

"ஐயோ மாமா!" என்று சின்னராசு அலறினார். அதற்குள் பந்தலே வண்டியடிக்கு வந்துவிட்டது. "பொண்ணு மணைல உக்காந்திருக்கறப்ப குங்குமத்தத் தொடைக்கறீங்களே!"

"குங்குமத்தத் தொடைக்காதீங்கோ!"

"கல்யாண ஊட்ல இப்படிப் பண்ணுவாங்களா!"

அண்ணன் துண்டோடு கூரைமேல் நின்றார். கீழே நாற்பது பேர். இன்ஜினியர்களோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர், மின்சார ஆபீசுக்கே பாடம் எடுத்தவர். இந்த நாற்பது பேருக்கு முன்னால் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். துடைத்தால் கல்யாண வீட்டுக்கு ஆகாது. துடைக்காவிட்டால் அக்காவுக்கு ஆகாது. மணி பதினொன்றரை.

வண்டியின் ஜன்னல் மூன்று அங்குலம் திறந்தது.

"தொடைக்க வேண்டாமுங்க" என்றார் அக்கா. "அபிசேகம் பண்ணுங்க."

அப்பாடா என்று நாற்பது பேரும் மூச்சு விட்டார்கள். அபிஷேகத்துக்கு ஆட்சேபம் சொல்ல யாரால் முடியும்? கிணற்றடியிலிருந்து ஏணி வரை வரிசை நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் மேலே வந்தது. பந்தலிலிருந்து ஒருவர் மணியைக் கொண்டுவந்து ஆட்டினார். ஒரு அம்மா சொம்பில் பாலோடு வந்தார்.

"பால் வேண்டாம்! கறை படியும்!"

"எளநி வெட்டட்டுங்களா?"

"வேண்டாம்! வெறும் தண்ணி!"

"மஞ்சத் தண்ணியாச்சும்..."

"வெறும் தண்ணி!!"

"ரொம்பச் சிக்கனமான சாமிங்க மாமா இது" என்றார் சின்னராசு, அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டே.

மஞ்சள் வேனின் நான்கு பக்கமும் சந்தனமும் குங்குமமும் வழிந்தன. கடைசிக் குடம் ஊற்றி முடித்ததும் நான்கு நெற்றிகளும் பழையபடி கறுத்தன. உள்ளே ர்ர்ர் என்று ஏசி உயிர் பெற்றது. கீழே ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு நிமிஷம் கதவைத் திறக்க விடவில்லை. பிறகு அக்கா இறங்கினார். முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. கையில் அந்தக் கவர். சின்னராசு குடை பிடித்தார். அண்ணன் பக்கத்தில் நடந்தபடி அடி எண்ணினார். பந்தலில் பெண்ணின் கன்னத்தில் அக்கா சந்தனம் தடவினார், மஞ்சள் தடவினார், நெற்றியில் பொட்டு வைத்தார். புடவையை மடியில் வைத்தார். பெண் அழுதாள், அக்கா அழுதார். "அழாத, சூடேறும்" என்றார் அண்ணன். பன்னிரண்டு அடிக்கும்போது அக்கா திரும்பவும் வண்டிக்குள் இருந்தார்.

அவர் பின்னாலேயே ஊரிலுள்ள வயசான பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒரு கைக்குழந்தையும், நானும். கட்டிலில் அக்காவோடு ஐந்து, தரையில் ஆறு, அடுப்பின்மேல் ஒன்று. வெற்றிலை போட்டார்கள், கதை பேசினார்கள், குளிருகிறது என்று ஒரே போர்வைக்குச் சண்டை போட்டார்கள். அக்கா நடுவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அவரு எங்கீங்க?"

இறங்கிப் பார்த்தேன். வண்டியின் பின்புறம், பொட்டு நிழல் இல்லாத இடத்தில், சட்டை முதுகோடு ஒட்ட, பேனலிலிருந்து வந்த ஒயரில் மீட்டரை மாட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, அக்கா கூப்பிடறாங்க. உள்ளே வாங்க."

"உள்ள எத்தனை பேரு?"

"குழந்தையையும் என்னையும் சேர்த்துப் பதினாலு."

"பேட்டரி காலி. சூரியன் குடுக்கறது அப்படியே ஏசிக்குப் போகுது. பதினாலே ஜாஸ்தி. நானும் வந்தா இன்னொரு நூறு வாட்ஸ். அவளுக்குக் குளிர் பத்தாது." மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் இங்கயே சரி. போ."

போய்ச் சொன்னேன். அக்கா கட்டிலில் இருந்த மற்ற நாலு பேரையும் பார்த்தார், தரையில் இருந்தவர்களைப் பார்த்தார், தூங்கும் குழந்தையைப் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என்மேல் வந்து நின்றது.

"தம்பி, நீங்களும் நூறுதானுங்களே?"

"ஆமாக்கா."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. அவர வரச் சொல்லுங்க."

இந்தக் கணக்கை அண்ணனால் மறுக்க முடியவில்லை. மீட்டரை என் கையில் கொடுத்தார். "நம்பரைப் பாத்துட்டே இரு. எறங்கினா கதவைத் தட்டு. கொத்தாச்சா?"

"கொத்தாச்சு அண்ணா."

கதவு மூடியது. உள்ளே அக்கா ஏதோ சொல்ல, கிழவிகள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது கேட்டது. மீட்டரைப் பார்த்தேன். மூன்று நம்பர் இருந்தது. ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, ஒன்று கண் சிமிட்டியது. எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கதவைத் தட்டிக் கேட்க மனம் வராமல், மூன்றையும் மாறி மாறிப் பார்த்தபடி, அந்த மொட்டை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன்.